இனம் என்ற கட்டம்

உம்லாங்கா என்றால் ஜூலுவில் நாணல் இருக்கும் இடம்.
இப்போது அங்கே இருப்பது கார் நிறுத்தும் இடம்.
மிச்ச நாணல் வெருலத்துக்குக் கீழே,
கரும்புக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில்,
கழிவுநீர்க் குட்டையைச் சுற்றி.

சனிக்கிழமை. ஆஸ்பத்திரி டியூட்டி இல்லை.
நான் வருவதற்குள் பெகானி வலை கட்டிவிட்டான்:
பன்னிரண்டு மீட்டர் நைலான்,
பனி பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கதிர்க்குருவியைப் பார்த்தேன் என்பவர்
பெரும்பாலும் ஒரு தண்டு ஆடியதைப் பார்த்திருப்பார்.
டக் என்று ஒரு சத்தம்,
நாக்கால் அண்ணத்தைத் தட்டியதுபோல்.
அதற்குமேல் அது தன்னைக் கொடுக்காது.

மூன்றாம் வலையின் அடிமடிப்பில்
காய்ந்த இலைபோல ஏதோ தொங்கியது.
முதலில் கால்களை விடுவித்தேன், பிறகு தலை.
ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து,
சிகரெட் பிடிப்பவர் அலட்சியம் வேண்டும் அந்தப் பிடிக்கு.
உள்ளங்கையில் ஒரு தையல் மிஷின் ஓடியது.

நிறம் பற்றி எழுத அதிகமில்லை.
வடிகட்டிய தேயிலைச் சக்கையாய் முதுகு,
மோர் வயிறு,
கண்ணுக்கு மேலே
பாதியில் மை தீர்ந்த புருவம்.
வாயைத் திறந்தால் மட்டும் பகட்டு:
உள்ளே முழுக்க ஆரஞ்சு.

பழைய ஃபிலிம் டப்பாவில் தலைகீழாக நுழைத்து நிறுத்தோம்.
பதினொன்றரை கிராம்.
ஐந்து ராண்டும் பத்து சென்டும் சேர்ந்த கனம்.

நெஞ்சில் ஊதினேன்,
கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல.
இறகு விலகியது. கழுத்துக் குழியில்
உருக்காத நெய்யின் நிறத்தில் கொழுப்பு.
மார்ச்சில் கிளம்ப அதுதான் பெட்ரோல்,
இது கிளம்புகிற பறவையாக இருந்தால்.

தகராறு அங்கேதான்.
இந்த நாணலில் இரண்டு வகை ஒளிந்திருக்கும்.
ஒன்று இங்கேயே பிறந்து இங்கேயே சாகும்,
சிறகு அறுபத்து மூன்று மில்லிமீட்டர், மிஞ்சாது.
மற்றது ஐரோப்பாவிலிருந்து வரும்,
போய்வரும் தூரத்துக்கு அறுபத்தைந்தாவது வேண்டும்.
வேறு வித்தியாசம் தாய்க்குத் தெரியலாம்.

ஸ்கேலை வைத்தேன்.
அறுபத்து நான்கு.

“வந்தது” என்றேன்.
“இங்கத்தது” என்றான் பெகானி.
நகத்தைப் பார்த்தோம், கால் நிறத்தைப் பார்த்தோம்.
வெளிச்சிறகு இன்னும் பாதி உறைக்குள் இருந்தது.
இறகு மாற்றும் மாதத்தில் அளவுகோல் சாட்சி சொல்லாது.
“உன் பெயர் கோகிலம், குயில் என்று அர்த்தம் என்றாயே,
இது கூடவா தெரியாது?”

நோட்டில் கட்டங்கள்.
வளைய எண்: எழுதினேன்.
பால்: தெரியாது. வெளியே பார்த்துச் சொல்ல முடியாத ஜாதி.
எடை. சிறகு.
இனம்.

என் அப்பா கிஸ்டசாமியின் அட்டையிலும்
இந்தச் சொல்லுக்கு ஒரு கட்டம் இருந்தது.
அதை நிரப்ப எழுத்தருக்குப் பிடித்த நேரம்
ஒருமுறை நிமிர்ந்து குனிகிற நேரம்.
சந்தேகப்பட்டவர்கள் முடியில் பென்சில் செருகினார்கள்.
விழுந்தால் ஒரு பக்கம், நின்றால் மறுபக்கம்,
நடுவில் தெரு, பள்ளிக்கூடம், கல்லறை.
பெகானியிடம் இதைச் சொல்லவில்லை.
அவன் வீட்டிலும் அலமாரியில் அட்டைகள் இருக்கும்.

பத்து நிமிடத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது.
“கோடு போடு” என்றான். ஒரு சிறு கோடு போட்டேன்.

கையைத் திறந்தேன்.
கை திறந்தது தெரியாமல் கொஞ்சம் உட்கார்ந்திருந்தது.
பிறகு இல்லை.

நோட்டில் ஒரு சொட்டு விட்டுப் போயிருந்தது.
வெள்ளை, நடுவில் கறுப்பு,
அதில் ஒரு பூச்சியின் கால்.
அந்தக் கட்டத்தில் சரியாக விழவில்லை,
சிறகுக்கும் இனத்துக்கும் இடைக்கோட்டில்.

பக்கம் ஒட்டிக்கொள்ளும்.
காயட்டும் என்று ஒரு கல்லை வைத்துவிட்டு
இரண்டாம் வலைக்கு நடந்தோம்.